பாதி வழியில் இறங்கிய அப்பா

1

என் மகள் இனியாவுக்குப் பள்ளிக்கூடத்தில் போன வாரம் ஒரு வேலை கொடுத்தார்கள். உங்கள் குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது, அங்கிருந்து இங்கே எவ்வளவு தூரம், வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று கண்டுபிடித்து வகுப்பில் சொல்ல வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நல்ல பயிற்சிதான். கனடாவின் இந்தக் கால்கரி நகரத்தில் அவள் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேர் எங்கெங்கிருந்தோ வந்தவர்களின் பிள்ளைகள்.

கணினியில் ஒரு பெட்டியில் சென்னை என்றும் இன்னொன்றில் கால்கரி என்றும் அடித்தாள். கண் மூடித் திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது. பன்னிரண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர் சொச்சம். பறக்கும் நேரம் பதினாறு மணி.

"அம்மா, பதினாறு மணிதான்! நான் தூங்கி எழுந்தா போயிடலாம்."

அந்த இணையதளத்தைக் குறை சொல்ல முடியாது. இரண்டு புள்ளிகளைக் கேட்டாள், நடுவில் ஒரு கோடு போட்டுக் காட்டியது. வட துருவத்தை உரசிக்கொண்டு போகிற அந்தக் கோட்டில் எந்த விமானமும் பறப்பதில்லை என்று அது சொல்லவில்லை. நம் வீடு மீனம்பாக்கத்தில் இல்லை, திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அங்கேயிருந்து கிளம்பி இங்கே வந்து சேர ஒன்றரை நாள் ஆகும். அதுவும் எல்லாம் சரியாக நடந்தால்.

"அம்மா, தாத்தா எங்கே இறங்கினான்?" என்று கேட்டாள்.

"இறங்கினார்னு சொல்லு."

"இறங்கினார். எங்கே?"

திரையைத் தள்ளித் தள்ளிக் காட்டினேன். கோட்டிலிருந்து வெகுதூரம் விலகி, கடலுக்கு நடுவில், உப்புக் கட்டி மாதிரி ஒரு தீவு. அதில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். வகுப்பில் பதினாறு மணி என்றே சொல்லிவிட்டு வந்தாள். எனக்குத்தான் அன்றைக்கு முழுக்க வேலை ஓடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

2

அப்பா அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். விழுப்புரம் டிப்போ. பெரும்பாலும் சென்னை தடத்தில்தான் ஓட்டினார். விழுப்புரத்தில் எடுத்தால் விக்கிரவாண்டி, திண்டிவனம், மேல்மருவத்தூர் என்று ஒரே நேர் சாலை. தன் வாழ்நாளில் அந்தச் சாலைக்கு வெளியே அவர் போனது மிகக் குறைவு. அம்மாவும் அப்படித்தான். இரும்பை என்ற ஊரின் கோயிலுக்கும், பெருமுக்கலில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்கும் போய்வருவதே அவளுக்குப் பயணம்.

அவர்கள் இங்கே வரவேண்டி வந்ததற்குக் காரணம் நான் அங்கே போக முடியாததுதான். நான் ஒரு பாலாடைக்கட்டித் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். என்னுடைய வேலை அனுமதி முடிந்து, நீட்டிக்க விண்ணப்பம் போட்டு, பதிலுக்குக் காத்திருக்கிறேன். பதில் வரும் வரை இங்கே இருக்கலாம், வேலை செய்யலாம். ஆனால் நாட்டை விட்டு வெளியே காலெடுத்து வைத்தால் திரும்பி வந்து வேலையில் உட்கார முடியாது. என் கணவர் கதிரின் அனுமதியும் இனியாவின் படிப்பும் என்னுடைய தாளில் தொங்குகின்றன. இதை ஊரில் யாருக்கு விளக்கினாலும், "லீவு குடுக்க மாட்டேன்றானா?" என்றுதான் கேட்பார்கள்.

இனியாவைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு வந்ததோடு சரி, அதற்குப் பிறகு ஊர்ப் பக்கம் போகவில்லை. "நீ வர முடியலன்னா நாங்க வர்றோம், போ" என்று ஒருநாள் அப்பாவே சொல்லிவிட்டார். விசா வந்தது. டிக்கெட் எடுத்தேன். அதன் பிறகு தினமும் போனில் ஒரே பேச்சு.

"பாப்பா, மொத்தம் எத்தினி கிலோமீட்டரு?"

"சுத்திக்கினு வர்றதால பதினஞ்சாயிரம் ஆவும்பா."

"நடுவுல எங்க நிக்கும்?"

"ஜெர்மனில ஒரு எடத்துல எறங்கி வேற விமானம் மாறணும்."

"ஒரே டிரைவரா ஓட்டுவான் அவ்ளோ தூரம்?"

"இல்லப்பா, ரெண்டு மூணு பேரு மாத்தி மாத்தி ஓட்டுவாங்க."

"அப்ப சரி," என்றார். அது ஒன்றுதான் அவருக்குக் கவலையாக இருந்திருக்கும் போல.

அம்மா மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, வறுத்து ஒரு பையிலும், கேப்பை மாவை இன்னொரு பையிலும் கட்டினாள். தம்பி செந்தில் விழுப்புரம் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். திண்டிவனத்திலிருந்து தினமும் போய்வருகிறான். கடையைச் சாத்திவிட்டு அவன்தான் இருவரையும் விமான நிலையத்தில் விட்டு வந்தான். "அக்கா, அப்பா புதுச் சட்டை போட்டுக்கினு மாப்ள மாதிரி போறாரு" என்று படம் எடுத்து அனுப்பினான்.

3

ஜெர்மனியில் விமானம் மாறிவிட்டார்கள் என்று தெரிந்ததும் பாதி பாரம் இறங்கிவிட்டது. இங்கே அப்போது காலை. கதிர் விடுப்பு எடுத்திருந்தார். நான் சாம்பாருக்குப் பருப்பு வேக வைத்துவிட்டு, அவர்களுக்காக ஒழித்து வைத்த அறையில் புதுப் போர்வையை விரித்துக்கொண்டிருந்தேன். விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டும் செயலியை இனியா விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நீலக் கடல் மேல் ஒரு சின்ன மஞ்சள் விமானம்.

"அப்பா, தாத்தாவோட பிளேன் யூ-டர்ன் போடுது," என்றாள்.

"காத்துக்குத் தகுந்த மாதிரி திரும்பும்டா," என்று சொல்லிக்கொண்டே கதிர் வந்து பார்த்தார். நானும் போய்ப் பார்த்தேன். சேரும் இடம் என்ற கட்டத்தில் கால்கரி என்று இருந்தது மாறி, ஐஸ்லாந்து நாட்டு விமான நிலையம் ஒன்றின் பெயர் வந்திருந்தது.

விமானக் கம்பெனிக்குப் போன் போட்டோம். மருத்துவக் காரணத்துக்காகத் திருப்பியிருக்கிறோம் என்றார்கள். யாருக்கு என்று கேட்டேன். சொல்ல அனுமதியில்லை என்றாள் அந்தப் பெண், கனிவாகத்தான். அத்தனை பேர் இருக்கும் விமானத்தில் அது வேறு யாராகவாவது இருக்கட்டும் என்று சாமியை வேண்டினேன். இன்னொருத்தர் வீட்டுக்குத் துன்பம் வரட்டும் என்று நான் வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அது ஒரு தடவைதான்.

பருப்பு அடிப்பிடித்த வாசனை வந்தபோது போன் அடித்தது. தெரியாத எண்.

"ஏ பொண்ணே, நான்தான். உங்கப்பாவுக்கு நெஞ்சு நோவுதுன்னாரு. அப்பிடியே வேத்து ஊத்திடுச்சி. ஏரோப்பிளேன எறக்கிட்டாங்க. வண்டில படுக்க வெச்சி இட்டுக்கினு போறாங்க. இது இன்னா ஊருன்னே தெரியல. ஒரு மரம்கூட இல்ல."

அதற்குள் யாரோ போனை வாங்கி ஆங்கிலத்தில் மருத்துவமனையின் பெயரைச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் மருத்துவமனையே கூப்பிட்டது. அவர்கள் நார்வேயில் இருந்த ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் போனில் சேர்த்திருந்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரர். பெரியவர் குரல். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அம்மா, நடுவில் அவர்.

"அம்மா, கொஞ்சம் பொறுதியா இருங்கோ. நான் உங்களோட கதைக்கலாமோ?"

"கதையா? எனக்குக் கதல்லாம் வேணாங்க. அவுரு எப்பிடி இருக்காரு, அத்த சொல்லுங்க."

"கோவிக்காதேங்கோ அம்மா. உங்கட மனுசருக்கு எப்ப தொடக்கம் நோகுது?"

அந்த ஒரு சொல்லில் அம்மா அவரைப் பிடித்துக்கொண்டாள். "ஆமாங்க, நோவுதுதான் சொன்னாரு. ஜெர்மனிலயே லேசா நோவுதுன்னாரு. சொன்னா உடமாட்டாங்க, கம்முனு வான்னாரு."

நான் வலி என்றே பேசிப் பழகிவிட்டேன். நோவு என்ற சொல்லை எங்கோ விட்டுவிட்டேன். முன்பின் தெரியாத ஒருவருக்கும் அம்மாவுக்கும் அது பொதுவாக இருந்தது. அவள் அழத் தொடங்கினாள். அவர் தன் வேலையை நிறுத்திவிட்டு, அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார்.

4

அப்பாவுக்கு மாரடைப்பு. அன்றைக்கே ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்துக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் இதயத்தின் ஒரு பக்கம் பழுதாகிவிட்டது, பல நாள் அங்கேயேதான் இருக்க வேண்டும், உடனே பறக்கக் கூடாது என்றார்கள். பயணக் காப்பீடு எடுத்திருந்ததால் பணத்துக்கு அலையவில்லை. அலைய வேண்டியிருந்தது வேறு ஒன்றுக்கு.

நான் போக வேண்டும். அவ்வளவுதான் என் மனதில் இருந்தது. குடியேற்ற அலுவலகத்தின் எண்ணுக்குக் கூப்பிட்டேன். பாட்டு கேட்டுக்கொண்டே காத்திருந்து, காத்திருந்து, கடைசியில் ஒரு மனிதர் கிடைத்தார். வெளியே போக யாரும் உங்களைத் தடுக்கவில்லை, திரும்பி வருவதற்குத்தான் உறுதி தர முடியாது என்றார். அந்தத் தீவுக்குப் போக விசா வேண்டுமே என்று அதற்கான இடத்தில் விசாரித்தேன். கனடாவுக்குத் திரும்பி வரும் அனுமதி இருப்பதற்கு ஆதாரம் காட்டினால் பரிசீலிப்போம் என்றார்கள். அதாவது திரும்பி வர வழி இல்லாததால் போகவும் வழி இல்லை. பதில் சொன்ன ஒருவர்கூடக் கடுமையாகப் பேசவில்லை. எல்லோரும் வருத்தம் தெரிவித்தார்கள். கத்துவதற்குக்கூட எனக்கு ஓர் ஆள் கிடைக்கவில்லை.

செந்திலிடம் பாஸ்போர்ட்டே இல்லை. அவசர விண்ணப்பம் போட அலைந்தான். "அக்கா, பாஸ்போர்ட்டு வந்தாலும் அந்த ஊரு விசாவுக்கு ஒரு மாசத்துக்கு மேல ஆவும்னு சொல்றான். பேஜாரா இருக்குதுக்கா. கடையில உக்காந்துக்கினு ஒரு ஸ்க்ரூ கூடக் கழட்ட முடியல," என்றான்.

பெருமுக்கல் பெரியம்மா கூப்பிட்டாள். "ஏம்மா, நீயும் வெளிநாட்லதான் இருக்கற. அவுங்களும் வெளிநாட்லதான் மாட்டிக்கினு இருக்காங்க. ஜல்தியா ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரக்கூடாதா? பெத்தவங்களாச்சே."

"பாக்கறேன் பெரியம்மா," என்றேன்.

அம்மாவை மருத்துவமனையை ஒட்டிய விடுதியில் தங்க வைத்திருந்தார்கள். குட்ரூன் என்ற நர்ஸ் அவளிடம் பிரியமாக இருந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு வேறெதுவும் தெரியாது. கேப்பை மாவைக் காட்டி, விரலால் கிண்டுவது போல் சைகை காட்டி, விடுதி அடுப்பில் அம்மா கூழ் காய்ச்சியிருக்கிறாள். குட்ரூன் குடித்துப் பார்த்து முகம் சுளித்தாளாம். அதைச் சொல்லும்போது மட்டும் அம்மா சிரித்தாள். நான் இங்கே பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடிக் குழாய்களைக் குலுக்கிக்கொண்டிருந்தேன். வேலையை விட்டால் அனுமதியும் போகும் என்பதால் ஒருநாள்கூட லீவு போட முடியவில்லை.

5

ஒருவழியாக, நர்ஸ் ஒருவர் கூடவே வந்தால் பறக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். எனக்கு உயிர் வந்தது. காப்பீட்டுக் கம்பெனியைக் கூப்பிட்டு, எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள் என்றேன். ஐஸ்லாந்திலிருந்து இங்கே ஐயாயிரம் கிலோமீட்டர்தான், சென்னைக்கு ஒன்பதாயிரத்துக்கு மேல், எது பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள் என்று கணக்குக் காட்டினேன். புறப்பட்ட இடத்துக்குத்தான் திருப்பி அனுப்ப முடியும், விதி அப்படி, என்றாள் அந்தப் பெண். மருத்துவரும் அதையே வேறு விதமாகச் சொன்னார். இங்கே வந்தால் மறுபடியும் முழு தூரமும் பறந்துதானே ஊருக்குத் திரும்ப வேண்டும், அந்த இதயம் அதைத் தாங்காது.

அப்பாவிடம் நான் எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்தபோது அவரே கூப்பிட்டார்.

"பாப்பா, நான் ஊருக்கே திரும்பிடறேன்."

"அப்பா..."

"இரு, சொல்றத கேளு. வண்டி பாதி வழியில நின்னுபோச்சின்னா இன்னா பண்ணுவோம்? ஜனங்கள வேற வண்டில ஏத்தி அனுப்பிடுவோம். நின்ன வண்டிய டிப்போவுக்கு இழுத்துக்கினு போவாங்க. அவ்ளோதான். உங்கம்மாவ அங்க அனுப்பறேன். ரெண்டு பேர்ல ஒருத்தராவது உன்னப் பாக்கட்டும்."

பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. "இன்னா பேசறாரு பாரு இந்த ஆளு! ஒடம்பு இப்பிடி இருக்க சொல்ல தனியா உட்டுட்டு நான் போவேனா?"

"நர்ஸம்மா கூட வர்றாங்க. அங்க செந்திலு இருக்கான். எனக்கு இன்னா?"

"அவுங்களுக்கு உம் மூஞ்சியப் பாத்தா நோவு தெரியுமா? எனக்குத் தெரியும்."

நாலு நாள் இந்தச் சண்டை நடந்தது. தமிழ் தெரியாத குட்ரூன் பயந்துபோய் இரண்டு தடவை ரத்த அழுத்தம் பார்த்திருக்கிறாள். நான் எந்தப் பக்கமும் பேசவில்லை. அம்மாவை வா என்று சொல்ல வாய் வரவில்லை. வராதே என்று சொல்லவும் வரவில்லை. கடைசியில் அப்பாதான் ஜெயித்தார். ஒரே விமான நிலையத்திலிருந்து அவர் கிழக்கே போனார், அவள் மேற்கே வந்தாள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பாவை வேறு வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனபோது, அவர் திரும்பிப் பார்க்கவில்லை என்று அம்மா பிறகு சொன்னாள். "திரும்பினா நான் ஓடியாந்துடுவேன்னு அந்த ஆளுக்குத் தெரியும்," என்றாள்.

6

டொராண்டோவில் மாறி, கால்கரியில் அம்மா வந்து இறங்கினாள். புடவை மேல் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, குட்ரூன் கொடுத்தது. என்னைப் பார்த்ததும் அழுவாள் என்று நினைத்தேன். "அவுரு எறங்கிட்டாரா? போன போடு," என்றாள்.

இனியா கதிரின் காலுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "பாட்டி வந்துட்டுது," என்றாள்.

"நான் இன்னா மாடா, வந்துட்டுதுன்ற? வாடி இங்க," என்று அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

ஆறு மாதம் இருப்பதாகத்தான் முதலில் திட்டம். முதல் வாரம் இனியாவுக்குத் தலை பின்னினாள், அடை சுட்டாள், பனி பெய்வதைப் பார்த்து, "யாரோ மேல உக்காந்து பஞ்சு கொட்றாங்க," என்றாள். இனியா அதைப் பாதி புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் ஏதோ பதில் சொல்வாள். அம்மா என்னைப் பார்ப்பாள். நான் மொழிபெயர்ப்பேன். அதற்குள் குழந்தை வேறு விளையாட்டுக்கு ஓடியிருப்பாள். ஒரே வீட்டில் இருந்தும் பாட்டிக்கும் பேத்திக்கும் நடுவே நான் நிற்க வேண்டியிருந்தது. நான் வேலைக்குப் போன நேரத்தில் இருவரும் பேசாமல் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று கதிர் சொன்னார்.

அப்பா நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்திருந்தார். ஆனால் அம்மாவின் மனசு இங்கே இல்லை. அடுப்பில் ஏதாவது வைத்துவிட்டு, "இப்ப அங்க மணி இன்னா?" என்பாள். தினமும் போன்.

"மாத்திரை போட்டியா?"

"போட்டாச்சி. நீ பாப்பாவப் பாரு."

"பாத்துக்கினுதான் இருக்கேன்."

"இன்னா பண்றா? காட்டு."

அம்மா போனை என் பக்கம் திருப்புவாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பேன், இல்லை துணி மடித்துக்கொண்டிருப்பேன். பார்க்காதது போல் வேலையைச் செய்வேன். அப்பாவின் மூச்சு மட்டும் கேட்கும். கை வலித்து அம்மா போனை இறக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்.

பிறகு விழுப்புரத்தில் பெரிய டாக்டரிடம் காட்டினார்கள். இதயம் ரத்தத்தை இறைப்பது பாதியாகிவிட்டது, இனி விமானப் பயணம் கூடவே கூடாது என்று சொல்லிவிட்டார். செந்தில்தான் அதை என்னிடம் சொன்னான். அவர் வர முடியாது. நான் போக முடியாது.

அம்மாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. "என்னால அங்க உட்டுட்டு இங்க இருக்க முடியல. உன்ன உட்டுட்டு அங்க போவவும் மனசு இல்ல. நீயே ஒண்ணு சொல்லு," என்றாள்.

நான் டிக்கெட் எடுத்துக் கொடுத்தேன். அதைத்தான் என்னால் செய்ய முடிந்தது. விமான நிலையத்தில், துணைக்கு ஆள் வரும் என்று ஏற்பாடு செய்த சக்கர நாற்காலியில் உட்கார வைத்ததும், அம்மா என் முகத்தைப் பக்கத்தில் இழுத்து, கன்னம், நெற்றி, காதோரம் என்று நிதானமாகத் தடவிப் பார்த்தாள். கொஞ்சிப் பேசிப் பழக்கமில்லாதவள்.

"என்னம்மா?"

"கேப்பாரு. நல்லா பாத்துக்கினு போவணும்," என்றாள்.

7

இதெல்லாம் நடந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. என் விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் இருப்பதாகத்தான் திரையில் வருகிறது. அப்பா வீட்டுக்குள்ளேயும் வாசலிலும் நடக்கிறார். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஊரில் இருப்பவர்கள், "எப்ப வர்ற?" என்று என்னைக் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன்.

அம்மா ஊர் போய்ச் சேர்ந்த காலையில் செந்தில் வீடியோ கால் போட்டுக் காட்டினான். அவனும் அம்மாவும் சென்னையிலிருந்து வாடகைக் காரில் வந்து வீட்டு வாசலில் இறங்கினார்கள். அப்பா லுங்கியும் பனியனுமாக, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பாதி உடம்பாகியிருந்தார். அம்மா இறங்கி நேராக அவரிடம் போய், "இளைச்சிட்டியே," என்றாள். அவர் சிரித்தார். மெதுவாக நடந்து கார் பக்கம் வந்தார்.

பெட்டியை எடுத்துவிட்டு டிரைவர் பின் கதவைச் சாத்தப் போனார்.

"இருப்பா," என்றார் அப்பா.

கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்து உள்ளே பார்த்தார். சீட்டில் யாரும் இல்லை. நான் போனில் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அது அவருக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துவிட்டு, அவரே கதவை மெல்லச் சாத்தினார்.